பதினைந்து மில்லிமீட்டர் மடிப்பு

மரண அறிவிப்புச் சுவரொட்டியில் பெயருக்குக் கீழே ஒரு வரி போடலாம் என்றார் அடக்கக் கடைக்காரர்.

"சில பேருக்கு வாத்தியாரம்மான்னு போடுவோம். ரொட்டிக்கடை அம்மான்னு போடுவோம். உங்கம்மாவுக்கு என்ன போடட்டும்?"

என் அம்மா எர்சிலியா கோல்ட்சானி. வயது எண்பத்திரண்டு. மிலானுக்குப் பக்கத்து ஊரான மேதாவில், தொர்னாகி கம்பெனியில் முப்பத்தெட்டு வருடம் சோபாவுக்கு உறை தைத்தாள். தையல்காரி என்று போட்டால் பாதிதான் சரி. மறுநாள் காலை சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அவளுடைய நாற்காலி இருந்தது. பக்கத்தில் அவளுடைய விளக்கு. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ஒரு வரி வரவில்லை. இது வந்தது.

தொர்னாகி 1949-இல் ஒரு முற்றத்தில் நான்கு பேரோடு தொடங்கியது. கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேஜை. கல்யாணத்துக்கு வாங்கினால் சாகும்வரை வரும் சாமான்கள். முதலாளி அத்தீலியோ தொர்னாகி பட்டறைக்கு மேல்மாடியில் குடியிருந்தார். கீழே ஏதாவது சத்தம் நின்றால் அவருக்கு விழிப்பு வந்துவிடும்.

அம்மா 1956-இல் சேர்ந்தாள். பதினாறு வயது. அப்போது மெத்தைக்குள் குதிரை முடி அடைப்பார்கள். மூன்று வருடத்தில் ஃபோம் வந்தது. பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். அம்மா சுளிக்கவில்லை. "குதிர செத்து அஞ்சு வருஷமாச்சு, அதோட நாத்தத்த நான் ஏன் மோந்துக்கணும்?" என்றாளாம். ஃபோமுக்கு உறை தைக்கும் முறையை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். கழற்றித் துவைக்கக்கூடிய உறை. அதை வைத்துத்தான் கம்பெனி வளர்ந்தது. 1965-இல் கூடம் பெரிதாகி அறுபது பேர் ஆனார்கள்.

அந்த வருடம் முதலாளி விளக்கும் செய்வதென்று முடிவெடுத்தார். கடைகளில் தன் சோபாவுக்குப் பக்கத்தில் வேறு கம்பெனி விளக்கு நிற்பதைப் பார்த்துவிட்டார். காரணம் அவ்வளவுதான்.

"என் சோபாவுல உட்காந்துட்டு ஊரான் வெளிச்சத்துல படிக்கறாங்க" என்று பொருமினாராம்.

விளக்கைச் சோதிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. விளக்குக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதன் கால்களைச் சுற்றித் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவார். யாரையாவது உட்கார வைத்துப் பேப்பர் படிக்கச் சொல்வார். அரை மணி கழித்து வந்து தரையைப் பார்ப்பார். நாற்காலி வட்டத்தை விட்டு நகர்ந்திருந்தால் விளக்கு சரியில்லை. வேறு எதுவும் கேட்க மாட்டார்.

அம்மாவுக்குத் தனி வழி. கறுப்பு ஊசியில் கறுப்பு நூல் கோப்பாள். முதல் தடவையே கோத்துவிட்டால் விளக்கு தேறியது.

கம்பெனிக்கு வரைந்து கொடுத்தவர் ஊகோ கலிமானி. மிலானிலிருந்து ரயிலில் வருவார். பட்டறையில் அவரை எல்லோரும் ஆர்க்கிடெக்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வரைபடத்தில் அளவு எழுத மாட்டார். பழுப்புக் காகிதத்தில் நிஜ அளவிலேயே வரைவார். காகிதத்தைப் பொருளின் மேல் வைத்துக் கோடு போட்டு வெட்ட வேண்டியதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அறுபத்தெட்டு வரை யாருக்கும் அது சிக்கலாகத் தெரியவில்லை. தச்சருக்கும் தகடு வெட்டுபவருக்கும் கோடு என்றால் வெட்டும் இடம். மெத்தைக்காரர்களுக்குக் கோடு என்றால் தைக்கும் இடம். கோட்டுக்கு வெளியே பதினைந்து மில்லிமீட்டர் தள்ளி வெட்டுவார்கள். தையலுக்கு விடுவது. கை தானாகச் செய்யும். ஒரே காகிதத்தை இரண்டு கூட்டமும் இரண்டு விதமாகப் படித்தது.

1968 ஆகஸ்ட். ஊரே மூடிக் கிடந்தது. செப்டம்பர் கண்காட்சிக்கு ஒரு புது விளக்கு போக வேண்டும். நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும் படிப்பு விளக்கு. பெயர் மிர்தா. வெண்பால் நிறப் பிளாஸ்டிக் தகட்டில் ஷேடு. இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை போட்டோ எடுக்க ஆள் வருகிறான். தகடு வெட்டும் ஃபௌஸ்தோ குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விட்டார். ஊரில் இருந்தது முதலாளியும் அம்மாவும். அம்மா ஐந்து மாதக் கர்ப்பிணி. வயிற்றில் நான். தூரப் பயணம் வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள்.

முதலாளி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"எர்சிலியா, உன் கத்தரிக்கோல் நல்லா வெட்டுதா?"

"எத வெட்ட?"

"பிளாஸ்டிக்."

"என் கத்தரிக்கோலால பிளாஸ்டிக்கா? வேணும்னா உங்க மீசைய வெட்டறேன் முதலாளி."

"திங்கக்கிழமை போட்டோக்காரன் வரான்மா. ஃபௌஸ்தோ அங்க கடல்ல கால நனைச்சிட்டிருக்கான்."

"எனக்கு மட்டும் கால் இல்லையா?"

திட்டிக்கொண்டே போனாள். தகடு அரை மில்லிமீட்டர் தடிமன்தான். கத்தரிக்கோலுக்கு வழிவிட்டது. காகிதத்தை வைத்தாள், கோடு போட்டாள், வெட்டினாள். கம்பிச் சட்டத்தில் மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அண்ணன் தொப்பியைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி இருந்ததாம். கீழ் ஓரம் முழுக்கப் பதினைந்து மில்லிமீட்டர் அதிகம்.

வேறு தகடு இல்லை. விற்பவன் கடையும் மூடல். ஓரத்தை நறுக்கலாம் என்று ஒரு மூலையில் வெட்டிப் பார்த்தாள். மெல்லிய கீற்றாக வெட்டும்போது எலி கடித்த மாதிரி பல் பல்லாக வந்தது. துணி ஓரம் அப்படி வந்தால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். உள்பக்கமாக மடித்தாள். ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாள். பிளாஸ்டிக் வாடை வந்தது. மடிப்பு நின்றுவிட்டது.

முதலாளி விளக்கைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மேலே பார்த்தார்.

"என்னம்மா பண்ணுன? பல்ப காணோம்?"

"பல்பு எங்கயும் போகல. உங்க கண்ணுக்கு வரல, அவ்வளவுதான்."

அவர் சுண்ணக்கட்டியை எடுத்தார். அரை மணி நேரம் படித்தார். நாற்காலி அசையவில்லை.

திங்கட்கிழமை ஆர்க்கிடெக்ட் வந்தார். ஷேடைப் பார்த்தவுடன் முகம் மாறியது.

"என் விளக்குக்கு யார் பாவாட ஓரம் தச்சது?"

"நான்தான். தைக்கல. மடிச்சேன்."

"நான் போட்ட கோடு எங்க?"

"உள்ளதான் இருக்கு. உட்காந்து பாருங்க, அப்புறம் திட்டுங்க."

அவர் உட்கார்ந்தார். பையிலிருந்து செய்தித்தாளை எடுத்தார். நாலு பக்கம் படித்தார். பிறகு போட்டோக்காரனிடம், "எடு" என்றார். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பெரிய பனெத்தோனே கேக் ஒன்று வந்தது. 1991-இல் அவர் சாகும்வரை வருடா வருடம் வந்தது. கூட வாழ்த்து அட்டை இருக்காது.

மிர்தா விற்றது. நிறைய விற்றது. சோபா கம்பெனி விளக்குக் கம்பெனி என்றும் பெயர் வாங்கியது. ஃபௌஸ்தோ கடலிலிருந்து வந்ததும் அம்மா செய்த மாதிரியைப் பார்த்து இரும்பில் அச்சு செய்தார். மடிப்போடு. நாற்பது வருடம் அந்த அச்சுதான். வரைபடத்தை யாரும் திருத்தவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. அது மடிப்பு இல்லாமலே ஆவண அறையில் சுருண்டு கிடந்தது.

நான் மிலானில் பொறியியல் படித்தேன். ஒளி அளவியல். அம்மா ஓய்வுபெற்று இரண்டு வருடம் கழித்து, 1996-இல், தொர்னாகியின் சோதனை அறையில் சேர்ந்தேன். முதல் நாள் அம்மா கேட்டாள்: "வெளிச்சத்த அளக்க அஞ்சு வருஷம் படிச்சியா?"

"ஆறு."

"முதலாளி சுண்ணக்கட்டி வாங்க அரை நாள் ஆச்சு."

முதலாளி இறந்தபின் அவர் பிள்ளைகள் 2007-இல் கம்பெனியை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். புது இயக்குநராக ருஜேரி வந்தார். நாற்பத்தொரு வயது. கெட்டவர் இல்லை. ஆவண அறையைத் திறந்து தூசி தட்டிய முதல் ஆள் அவர்தான். மிர்தாவின் பழுப்புக் காகிதம் அவர் கையில் கிடைத்தது.

"மார்சியா, இதப் பாருங்க. அசல் கோட்டுல மடிப்பே இல்ல. பட்டறையில யாரோ கெடுத்திருக்காங்க."

அந்த யாரோ யார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அம்மா பெயரைச் சொன்னால் சலுகை கேட்பது போல ஆகும் என்று நினைத்தேன். எண் பேசட்டும் என்று நினைத்தேன்.

நாற்பதாம் ஆண்டுக்கு மிர்தாவை அசல் வரைபடத்தின்படி மறுபடி வெளியிடுவது அவர் திட்டம். இரண்டையும் அளந்து தரச் சொன்னார். எங்களிடம் உள்பக்கம் வெள்ளை பூசிய பெரிய கோளம் ஒன்று இருக்கிறது. விளக்கை உள்ளே வைத்தால் மொத்தம் எவ்வளவு ஒளி வருகிறது என்று சொல்லும். மடிப்புள்ளது பதினொரு சதவீதம் குறைவாகத் தந்தது. அறிக்கையில் எழுதினேன்: 'மடிப்பு பதினொரு சதவீத ஒளியை விழுங்குகிறது.' கையெழுத்துப் போட்டேன்.

விழுங்குகிறது என்ற சொல் ருஜேரிக்குப் பிடித்துவிட்டது. புது அச்சுக்கான ஆர்டரில் வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று அறிவித்தார். பழைய அச்சு அன்றே பழைய இரும்புக்குப் போகும். அது போய்விட்டால் மடிப்பு எந்தக் காகிதத்திலும் இல்லை.

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. பேக்கிங் பகுதி இரீதே முடி வெட்டும் கடையில் சொல்லிவிட்டாள். நவம்பர் ஞாயிறு. அம்மா முட்டைக்கோசும் பன்றிக்கறியும் போட்ட குழம்பு வைத்திருந்தாள். தட்டில் சோளக்களியைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பதினொரு சதவீதம்னா எவ்வளவு?"

இரீதே எண் உட்படச் சொல்லியிருக்கிறாள்.

"நூறுல பதினொண்ணு."

"கணக்கு எனக்கும் தெரியும். மடிப்ப எடுத்தா அந்தப் பதினொண்ணு எங்க போகும்னு கேட்டேன்."

நான் களியைக் கிளறினேன்.

"உட்காந்திருக்கறவன் மூஞ்சிக்குப் போகும். இன்ஜினியரம்மா, உன் உருண்டைக்கு மூஞ்சி இருக்கா?"

"இல்ல."

"அப்ப யாருக்காக அளந்த?"

"கேட்டத அளந்தேன்மா."

"கேட்டவன் நாற்காலியில உட்காந்தா கேட்டான்? நின்னுக்கிட்டுக் கேட்டிருப்பான்." களியைப் பார்த்தாள். "ஆறுது, சாப்பிடு. செவ்வாக்கிழம வரேன்."

"அம்மா, அவர் நேரம் குடுக்க மாட்டாரு."

"அவன் குடுக்க வேணாம். நான் குடுக்கறேன்."

எனக்குப் பயமாக இருந்தது. அவளை அவர்கள் சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பயம். என் வேலை இன்னொரு பயம். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு வந்தாள். நல்ல கோட்டு. கையில் ஊசி டப்பா. பின்னால் இரீதே, எதற்கென்றே தெரியாமல். ருஜேரி மரியாதையாகக் கை கொடுத்தார்.

"நான் டாக்டர் ருஜேரி."

இங்கே கல்லூரி முடித்தவர் எல்லோரும் டாக்டர்தான். அம்மாவுக்கும் அது தெரியும்.

"டாக்டரா? நல்லதாப் போச்சு. என் முட்டி வலிக்குது, அப்புறமா பாருங்க. முதல்ல விளக்கு."

அவர் சிரித்துவிட்டார். அதனால் பத்து நிமிடம் கொடுத்தார்.

சோதனை அறைக்குப் போனோம். சுவர் முழுக்கக் கறுப்பு. தரையில் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெள்ளைக் கட்டங்கள். இரண்டு நாற்காலி போடச் சொன்னாள். ஒன்றின் பக்கத்தில் மடிப்பில்லாத மிர்தா, இன்னொன்றின் பக்கத்தில் மடிப்புள்ளது. ருஜேரியை மடிப்பில்லாததன் கீழே உட்கார வைத்து, கறுப்பு ஊசியையும் கறுப்பு நூலையும் நீட்டினாள்.

"கோத்துக் காட்டுங்க."

அவர் நூல் நுனியை நாக்கில் நனைத்தார். முதல் தடவையே கோத்துவிட்டார்.

இரீதே தன் காலணியைப் பார்த்தாள்.

அம்மா அவரையே பார்த்தாள். "யார் மகன் நீங்க?"

"வரேசேயில எங்கப்பா தையல்காரர்."

"அதானே பார்த்தேன்! டாக்டர் எவனும் நூல நாக்குல வைக்க மாட்டான்." ஊசியை வாங்கிக்கொண்டாள். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. "சரி, ஊசி உங்களுக்கு. இப்ப அரை மணி நேரம் உட்காருங்க. படிக்க ஏதாவது கொண்டு வரச் சொல்லுங்க."

"அரை மணியா? அம்மா, எனக்குக் கூட்டம் இருக்கு."

"இந்த விளக்க வாங்கறவன் வீட்ல தினம் ரெண்டு மணி நேரம் உட்காருவான். நீங்க விக்கறவரு. அரை மணி போதும்."

அவர் காலாண்டு அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னார். அம்மா மற்ற நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு காலுறையை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். நான் கட்டங்களைப் பார்த்தபடி சுவரோரம் நின்றேன். பையில் பென்சிலும் தாளும் இருந்தன. பழக்கத்தில் குறிக்க ஆரம்பித்தேன்.

ஆறாவது நிமிடம் அவர் தோளைத் திருப்பினார். பதினோராவது நிமிடம் நாற்காலியை ஒரு முறை பின்னுக்குத் தள்ளினார். பக்கம் புரட்டினார். பத்தொன்பதாவது நிமிடம் கடலைப் பார்ப்பவர் போலப் புருவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு மறுபடி நாற்காலி. படித்துக்கொண்டேதான் இருந்தார். நகர்வது அவருக்கே தெரியவில்லை. அம்மா பக்கம் காலுறையின் குதிகால் முடிந்து கட்டைவிரல் தொடங்கியிருந்தது.

"நேரமாச்சு" என்றாள் அம்மா. "தம்பி, எந்திரிக்காதீங்க. கீழ பாருங்க. எந்தக் கட்டத்துல உட்காந்தீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். நான் எண்ணைச் சொன்னேன். "முப்பத்திநாலு சென்டிமீட்டர். இருபது டிகிரி திரும்பியிருக்கீங்க. அம்மாவோட நாற்காலி பூஜ்யம்."

"அவங்க வேணும்னே அசையாம உட்காந்திருக்கலாமே" என்றார்.

"இருக்கலாம்" என்றாள் அம்மா. "அப்ப இடம் மாத்திக்கலாம். எனக்கொண்ணும் அவசரம் இல்ல, இன்னொரு காலுறை இருக்கு."

மாறி உட்கார்ந்தார்கள். இந்த முறை அவர் கட்டத்தைக் கவனித்துக்கொண்டே உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் கவனிக்க மறந்து அறிக்கையில் மூழ்கிவிட்டார். நாற்காலி நகரவில்லை. அம்மா மடிப்பில்லாததன் கீழே இருந்தாள். ஏழாவது நிமிடம் காலுறையை மடியில் போட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "கண்ண நோண்டுது" என்றாள். இரீதே சிரித்துவிட்டாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "டாக்டர் ருஜேரி, என் அறிக்கை தப்பு. எண் சரி. மொத்த வெளிச்சத்த அளந்தேன். உட்காந்திருக்கறவங்க கண்ணுக்கு எவ்வளவு அடிக்குதுன்னு அளக்கல."

"அதுல உங்க கையெழுத்து இருக்கே."

"இருக்கு. இன்னிக்கு சாயங்காலம் வேற ஒண்ணு தரேன். அதுலயும் கையெழுத்து இருக்கும்."

அவர் சிறிது நேரம் மேலே பல்பைப் பார்த்தார். தெரியாத பல்பை. பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"இந்த மடிப்ப வச்சது யாரு?"

"இந்தப் பொண்ணு வயித்துல இருந்தப்ப நான்தான் தப்பா வெட்டினேன்" என்றாள் அம்மா. "தப்ப ஒழுங்கா மடிச்சேன்."

"அம்மா, விளம்பரத்துல உங்க படம் போடலாமா?"

"மூஞ்சியில வெளிச்சம் அடிக்கக் கூடாதுன்னுதானே ஒரு மணி நேரமாச் சொல்லிட்டிருக்கேன்!"

அன்று மாலை நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் உயரத்தில் அளந்தேன். மடிப்பில்லாமல் பத்தொன்பது மடங்கு கூடுதல் கூச்சம். புது அச்சு ஆர்டர் ரத்தானது. பழைய அச்சு இருந்த இடத்திலேயே இருந்தது.

வரைபடம் மிச்சம் இருந்தது. மடிப்பைக் காகிதத்தில் ஏற்றும் வேலையை ருஜேரி எனக்குக் கொடுத்தார். கலிமானியின் கோட்டைத் தொடவில்லை. அதற்கு வெளியே இன்னொரு கோடு போட்டேன். பதினைந்து மில்லிமீட்டர். தொழில் வரைபடத்தின் மூலையில் திருத்தங்களுக்கு ஒரு கட்டம் உண்டு. என்ன மாற்றம், எந்தத் தேதி, யார் செய்தது. எழுதினேன்: திருத்தம் ஒன்று. தையலுக்கு விட்டது. 21 ஆகஸ்ட் 1968. எ. கோல்ட்சானி.

பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கண்ணாடியைப் போட்டு மூலையை மட்டும் படித்தாள். நேரமெடுத்துப் படித்தாள்.

"தேதி தப்பு."

"எது?"

"இருபத்தொண்ணு புதன்கிழம. அன்னிக்கு உன்னைப் பாக்க மருத்துவச்சி வந்தா, நான் வெளியவே போகல. வெட்டினது வியாழக்கிழம."

"ஒரு நாள்தானேம்மா."

"ஒரு சென்டிமீட்டர்தானேன்னு நீ விடுவியா?"

விட மாட்டேன். தாளில் ஏறிய திருத்தத்தை அழிக்க முடியாது. புதிதாக ஒன்று சேர்க்கத்தான் வேண்டும். மறுநாள் சேர்த்தேன். திருத்தம் இரண்டு: தேதி, இருபத்திரண்டு, வியாழன். ஆதாரம்: எ. கோல்ட்சானி, நேரில். தொர்னாகியில் பன்னிரண்டாயிரம் வரைபடங்கள் இருக்கின்றன. கிழமை எழுதியது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அவள் பதினான்கு வருடம் இருந்தாள். மிர்தா இன்றும் அதே மடிப்போடு பெட்டியில் போகிறது. இப்போது இதை எழுதுவதும் அதன் கீழேதான். நாற்காலி எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது.

காலையில் கடைக்காரரிடம் போனேன். பெயருக்குக் கீழே எதுவும் வேண்டாம் என்றேன். அவள் வேலை என்ன என்பதற்கு அந்த வரைபடத் தாள் இருக்கிறது. இறந்த தேதியை இரண்டு தடவை சரிபார்த்துக் கொடுத்தேன். 9 பிப்ரவரி 2023.

"கிழமையும் போடுங்க."

"கிழமை போடற வழக்கம் இல்லையே" என்றார்.

"அவங்களுக்கு உண்டு. வியாழக்கிழமை."